அமெரிக்கா விழவேண்டிய கடைசி நாள்

1

இன்று அமெரிக்கா விழவேண்டிய கடைசி நாள். காலையில் எழும்பி, பல்கூட விளக்காமல், தொலைபேசியை எடுத்துப் பார்த்தேன். விழவில்லை. குளித்துவிட்டு வந்து பார்த்தேன். நேற்று நின்ற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே ஏறி நின்றது. என் மனைவி சறோ தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, இன்னும் நிற்குதோ என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடக்கும் தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோல்தான் அவள் கொஞ்சக் காலமாக அமெரிக்காவைப் பற்றி விசாரிக்கிறாள். ஓம், நிற்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்கு வெளிக்கிட்டேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் யோசிக்க வேண்டாம். எனக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு கோபதாபமும் இல்லை. நான் அங்கே போனதுகூட இல்லை. ஹனோவரில், பல் டொக்டர்மாருக்குப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் இத்தனை வருடமாக வேலை செய்கிறேன், வரி கட்டுகிறேன், குப்பையை நிறம் நிறமாகப் பிரித்துப் போடுகிறேன். ஆனாலும் ஒன்றரை வருடத்துக்கு மேலாக, அமெரிக்கப் பங்குச்சந்தை விழும் என்று காசு கட்டிவிட்டுக் காத்திருந்தேன். அப்படிக் காத்திருப்பதற்கு விற்கிற சாமானின் பெயர் புட் ஒப்ஷன்.

சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். அடுத்த வருடம் ஆனி மாதம் வரைக்கும், நான் கேட்கிற நாளில், இன்ன விலைக்கு என் வெங்காயத்தை நீர் வாங்கத்தான் வேண்டும் என்று ஒரு வியாபாரியோடு இன்றைக்கே பேசிக்கொள்கிறீர்கள். அந்த வாக்குக்காக அவருக்கு ஒரு சிறு தொகை கொடுத்துவிடுகிறீர்கள். பிறகு வெங்காயம் அடிமாட்டு விலைக்குப் போனால் நீங்கள் ராசா. விலை ஏறினால் அந்தச் சிறு தொகை வியாபாரிக்கு, வெங்காயம் உங்களுக்கு. என் விஷயத்தில் ஒரேயொரு வித்தியாசம், என்னிடம் வெங்காயம் இல்லை. இல்லாதவனும் விலை விழும் என்று சொல்லிக் காசு பார்க்கலாம் என்கிற அளவுக்கு இந்தப் பக்கத்து நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

தவணை நீளம் என்றால் விலையும் கூட. நீண்ட தவணைக்கு வாங்கினால் பதறாமல் காத்திருக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். சந்தை ஆடாமல் அசையாமல் நின்றாலும் கட்டின காசு நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கும் என்பதையும் எழுதியிருப்பார்கள், ஆனால் சின்ன எழுத்தில். ஐஸ்பழத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறட்டும் பிறகு தின்னலாம் என்று நிற்கிற வேலை அது.

2

நான் விழும் என்று நம்புகிற ஆள். இது புத்தகம் படித்து வந்த குணமில்லை, என் அப்பாவைப் பார்த்து வந்தது. அவர் எல்லாம் சரிவரும் என்று நம்பினவர். ஊரில் சண்டைக்குப் பயந்து சனம் சாமான்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்த காலத்தில் அவர் வீட்டுக்கு மேல்மாடி கட்டினார். பேச்சுவார்த்தை நடக்குது, இனிப் பயமில்லை என்று சொல்லிச் சொல்லிக் கறுப்பு விலைக்குச் சீமெந்து வாங்கினார். அந்த மாடியில் ஒரு மாரிகூட நாங்கள் படுத்தெழும்பவில்லை. இடம்பெயர்ந்தபோது வாசல் கதவை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டினார். பிறகு போய்ப் பார்த்தபோது பூட்டு பூட்டினபடியே இருந்தது. கூரையைத்தான் காணவில்லை. நல்லது நடக்கும் என்று இனி ஒரு சதமும் கட்டுவதில்லை என்று அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன்.

அதனால்தான் ஜேர்மனிக்கு வந்து பாஸ்போர்ட்டும் எடுத்த பிறகும் எங்கள் நிலவறையில் அரிசி மூட்டையும் பருப்பும் மெழுகுதிரியும் இருக்கின்றன. ஊரில் மெழுகுதிரி தீர்ந்த அனுபவம் உள்ளவனுக்கு, மின்சாரம் நிற்காத நாட்டில் இருப்பது ஒரு சந்தேகமான நிம்மதி.

இந்த நாட்டுச் சனமும் லேசுப்பட்டதில்லை. என்னோடு வேலை செய்கிற ஊவே, தன் நாய் ஆரையாவது கடித்தால் அதற்கொரு காப்புறுதி, மூக்குக்கண்ணாடி உடைந்தால் ஒன்று, பக்கத்து வீட்டுக்காரனோடு வழக்குப் போட வேண்டி வந்தால் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறார். நாய் இதுவரை ஆரையும் பார்த்துக் குரைத்ததாகக்கூடத் தெரியவில்லை. அவர்தான் எனக்கு புட் ஒப்ஷனைச் சொல்லித் தந்தவர். அவரிடம் அமெரிக்கப் பங்குகள் இருந்தன, அவை விழுந்தால் என்ன செய்வது என்று அதற்கும் ஒரு காப்புறுதி வாங்கினார், அவ்வளவுதான். எனக்கோ பங்கு வேண்டாம், காப்புறுதி மட்டும் பிடித்துக்கொண்டது. வீடு வாங்காமல் தீக்காப்புறுதி மட்டும் வாங்குகிறாயே என்று ஊவே கேட்டார். வீடு வாங்கினவர்களின் கதை எனக்குத் தெரியும் என்று சொன்னேன்.

3

இங்கே ஒருவன் நட்டப்படுவதென்றாலும் முதலில் படிவம் நிரப்ப வேண்டும். அதற்கு ஆரணியைப் பிடித்தேன்.

ஆரணி எங்கள் ஒரே பிள்ளை. தமிழில்தான் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் ஜேர்மனுக்கு மாறிவிடுவாள். மருத்துவம் படி என்றேன், பிசியோதெரபி படித்தாள். ஹனோவரில் இரு என்றேன், லைப்சிக் போய்விட்டாள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தை விடாதே என்றேன், ஏழாம் ஆண்டோடு விட்டுவிட்டு இப்போது எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறாள். நான் சொன்னதை இவள் ஒருநாளும் கேட்டதில்லை என்பது எங்கள் வீட்டில் சறோவுக்கு மனப்பாடமான வசனம். நான் தொடங்கினால் அவள் முடித்துவைப்பாள்.

ஆரணிக்கு ஒரே ஒரு ஆசை. தனக்கென்று சொந்தமாக ஒரு பிராக்சிஸ், அதாவது சிகிச்சை நிலையம், நாலு கட்டில் போட்டு, வாசலில் தன் பெயர் எழுதி. அதற்காக மாதாமாதம் அமெரிக்கச் சந்தையைப் பின்தொடருகிற ஒரு நிதியில் காசு போட்டு வந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேதான் கிடந்தது.

லீவுக்கு வந்திருந்தபோது பக்கத்தில் இருந்து வங்கியின் கேள்விகளுக்குப் பதில் அழுத்தினாள். டெர்மின்கெஷெஃப்ட் என்கிற இந்தத் தவணை வியாபாரத்தில் உங்களுக்கு முன்னனுபவம் உண்டா என்று முதற்கேள்வி. வெளிநாட்டவர் அலுவலக வாசலில் பனிக்குள் நின்று, சந்திக்க நாள் கேட்டு டெர்மின் எடுத்த அனுபவத்தைச் சேர்க்கலாமா என்று கேட்டேன், அது வேறு அப்பா என்றாள். போட்டதெல்லாம் போனால் உங்களால் தாங்க முடியுமா என்று அடுத்த கேள்வி. நான் யாழ்ப்பாணத்தான் என்று எழுதச் சொன்னேன். அதற்கு அங்கே கட்டம் இல்லை.

எல்லாம் நிரப்பி முடியும் நேரத்தில்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது.

"அப்பா, நான் மாதாமாதம் வாங்கிறதும் இதைத்தானே? நான் ஏறும் எண்டு வாங்கிறன், நீங்கள் விழும் எண்டு வாங்கிறியள்."

"உனக்காகத்தான் பிள்ளை," என்றேன். "உன்ரை விழுந்தால் என்ரை ஏறும். அண்டைக்கு நான் என்ரையை வித்து உன்ரை பிராக்சிஸுக்குத் தருவன். நீ உன்ரையைத் தொடத் தேவையில்லை."

அந்த நிமிடத்தில் வாயில் வந்ததைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு அது நல்ல யோசனையாகவும் பட்டது. ஆரணி, கெனாவ், சரிதான், அப்படியென்றால் இது எனக்கு ஒரு ஃபெர்சிஷெருங் என்றாள். காப்புறுதி என்கிற சொல்லைக் கேட்டால் இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு மனம் இளகிவிடும். ஒரு கெட்டிக்காரத் தகப்பனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே இன்னும் கொஞ்சம் கூடப் போட்டேன்.

4

கடைசிக் கட்டத்தில் தவணை முடிகிற மாதத்தைத் தெரிவு செய்ய வேண்டும். ஆரணி ஏதாவது ஒன்றை அழுத்தப் போனாள். கையை எடு என்றேன். கண்டபாட்டுக்கு நாள் வைக்கிற குடும்பமா நாங்கள்?

ஊரிலிருக்கும் எங்கள் சாத்திரியாரை வீடியோவில் பிடித்து அமெரிக்காவின் சாதகத்தைக் கணிக்கச் சொன்னேன். பிறந்த தேதி இருக்கு, நேரம் சரியாகத் தெரியாதே என்று முதலில் சங்கடப்பட்டார். இதை நான் தமிழ்க்கடையில் சொல்லப்போக, அங்கே நின்றவர்களில் ஒருவர் அமெரிக்கா மிதுனம் என்றும் இன்னொருவர் பார்த்தால் தெரியாதோ, சிம்மம் என்றும் சண்டை பிடித்தார்கள். சாத்திரியார் இரண்டு நாள் எடுத்துக் கணக்குப் போட்டு, கும்ப ராசி என்று முடிவு சொன்னார். சனி கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போகிறபோது அது அமெரிக்காவுக்கு இரண்டாம் இடம், தனஸ்தானம். கஜானாவில்தான் முதலில் கை வைக்கும் என்றார். எப்போது என்று கேட்டேன். வாக்கியப்படி வருகிற வசந்தம் போய் அதற்கடுத்த வசந்தம் என்றார்.

இங்கேதான் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். எங்களுக்குப் பஞ்சாங்கம் இரண்டு, வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. இரண்டும் ஒரே வானத்துக்குத்தான் கணக்கு எழுதுகின்றன, ஆனால் ஒன்றின் நேரம் மற்றதற்கு ஒத்துவராது. நாங்கள் பரம்பரையாக வாக்கியம். சறோவின் ஆட்கள் திருக்கணிதம். வருடப்பிறப்புக்கு எங்கள் வீட்டில் தலையில் மருத்துநீர் இரண்டு தரம் வைப்போம், அவளுடைய நேரத்துக்கு ஒன்று, என்னுடைய நேரத்துக்கு ஒன்று. ஆரணி சின்னதில் இரண்டு தரமும் கைவிசேஷக் காசு வாங்கிப் பழகினவள். இப்படிச் சில மணித்தியால வித்தியாசத்தோடு குடும்பம் சமாதானமாக ஓடியது. சனிப்பெயர்ச்சியில் மட்டும் இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் கிடக்கும். அதற்குள் என் காசை வைத்தேன்.

சனி வாக்கியப்படி பெயர்ந்து, நிதானமாக வேலையைத் தொடங்குவதற்கும் அவகாசம் விட்டு, அதற்குப் பிறகு வருகிற ஆனி மாதத்தில் முடிகிற தவணையை வாங்கினேன். ஏன் இவ்வளவு நீளம் என்று ஊவே கேட்டார். நீண்டகாலச் சுழற்சி ஆய்வு என்று ஜேர்மனில் சொன்னேன். மரியாதையோடு தலையாட்டினார்.

5

முதல் வசந்தம் வந்தது. திருக்கணிதப்படி சனி பெயர்ந்தார். இங்குள்ள கோயிலில் அன்றைக்குத்தான் சனிப்பெயர்ச்சி என்று சறோ என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நானும் எள்ளெண்ணெய் எரித்தேன், ஒரு மரியாதைக்கு. வீட்டுக்கு வந்து சில நாள்தான், அமெரிக்கச் சந்தை தலைகுப்புற விழுந்தது.

அப்படி ஒரு வீழ்ச்சியை நான் காசு கட்டிவிட்டுப் பார்த்ததில்லை. பின்னேரம் நியூயோர்க் திறக்கிற நேரத்தில் பட்டறையில் ஒரு கையில் யாரோ ஒரு கிழவியின் மேற்பல் வரிசை, மற்றக் கையில் தொலைபேசி. தொலைக்காட்சியில் பொருளாதாரம் படித்தவர்களெல்லாம் செத்த வீட்டு முகத்தோடு இருக்கிறார்கள், எனக்கு வாய் மூட மறுக்கிறது. நான் வாங்கின ஒப்ஷன் பல மடங்காகப் பெருத்துவிட்டது. வேலை நாளில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஊவே அன்றைக்கே தன்னுடையதை விற்றுவிட்டார். யன்னல் உடைந்தது, காப்புறுதி தந்தது, புது யன்னல் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போனார். பாவம், அவருக்குச் சனீஸ்வரனைத் தெரியாது.

அந்தக் கிழமை ஆரணி தொலைபேசி எடுத்தாள். லைப்சிக்கில் ஒரு மூலைக் கடை, முந்திப் பூக்கடையாக இருந்தது, அவளுக்குக் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்காரி மாத முடிவுக்குள் முற்பணம் கேட்கிறாள். இவளுடைய நிதியோ இந்தச் சந்தையோடு சேர்ந்து விழுந்து கிடக்கிறது.

"நீங்கள் சொன்ன மாதிரியே விழுந்திட்டுது அப்பா. இப்ப உங்கடையை வித்துப்போட்டுத் தாங்கோ. நான் என்ரையைத் தொடாமல் வைக்கிறன்."

பிறகு எடுக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். சறோ அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சனி பெயர்ந்தாயிற்று, விழவேண்டியது விழுந்தாயிற்று, விற்றுப் பிள்ளைக்குக் கொடுங்கோ என்றாள்.

"உங்கட சனி பெயர்ந்திட்டுது," என்றேன். "எங்கட சனி இன்னும் கும்பத்திலைதான் நிக்குது."

கரண்டியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு இறைச்சிக் கறியில் உப்பு இல்லை.

ஆரணிக்கு நான் விளங்கப்படுத்தினேன். பொறு, இது தூறல்தான், மழை வருகிற வருடம். சனி பெயரட்டும், இதைவிடப் பெரிதாக விழும், அப்போது இப்போது தருவதைவிடப் பல மடங்கு தருவேன். இவ்வளவு காத்துவிட்டு மாதிரி காட்டினதுக்கே விற்றுவிட்டால் ஆரும் சிரிப்பார்கள்.

"உண்மையாத்தான் சொல்லுறியளோ, இன்னும் விழும் எண்டு?"

"உண்மையாத்தான் பிள்ளை."

ஓகே அப்பா என்று வைத்துவிட்டாள். ஜேர்மனுக்கு மாறவில்லை, ஆகவே கோபமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

6

அவள் தன்னுடைய நிதியை அந்த விழுந்த விலைக்கே விற்றுப் பூக்கடையை எடுத்துவிட்டாள் என்று சறோ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பார், பொறு என்று சொன்னதைக் கேட்டாளோ என்று தொடங்கினேன். சறோ இந்த முறை வசனத்தை முடித்துவைக்கவில்லை.

சந்தை அதற்குள் எழும்பிவிட்டது. கிழமைக் கணக்கில் பழைய இடத்துக்கு வந்தது, கோடைக்குள் அதையும் தாண்டியது. பல மடங்காகப் பெருத்திருந்த என் ஒப்ஷன் வாங்கின விலைக்கு வந்து, அதில் பாதிக்கு வந்து, அதற்குப் பிறகு நான் பார்ப்பதைக் குறைத்தேன். கணக்குப் பார்த்தால் வேடிக்கைதான். மகள் ஏறும் என்று கட்டினாள், தகப்பன் விழும் என்று கட்டினான். சந்தை விழுந்தபோது மகள் தோற்றாள், ஏறியபோது தகப்பன் தோற்றான். ஒரே சந்தையில் இரண்டு பக்கமும் நின்று இரண்டு பக்கத்திலும் தோற்கிறதுக்கு ஒரு குடும்ப ஒற்றுமை வேண்டும்.

ஆனாலும் நான் கலங்கவில்லை. வாக்கியப்படி பெயர்ச்சிக்கு இன்னும் காலம் இருந்தது.

நடுவில் ஆரணியின் பிராக்சிஸைப் பார்க்க லைப்சிக் போனோம். நாலு கட்டிலுக்குப் பதிலாக இரண்டு கட்டில் போட்டிருந்தாள். மற்ற இரண்டும் பிறகு வாங்கலாம் என்றாள். வாசலில் பெயர் எழுதியிருந்தது. வரவேற்பு மேசைக்குப் பின்னால் தமிழ்க்கடை நாட்காட்டி தொங்கியது, மயிலோடு முருகன். ஏழாம் ஆண்டோடு தமிழை விட்ட பிள்ளைக்கு இது எதற்கு என்று நினைத்தேன். அழகுக்கு வைத்திருக்கிறாளாக்கும். அவளிடம் கேட்கவில்லை.

இந்த வசந்தம் எங்கள் சனியும் பெயர்ந்தார். நானே எள்ளெண்ணெய் எரித்தேன், இந்த முறை மரியாதைக்கு இல்லை, மனதார. சந்தை ஒருக்கால் இருமியது, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மேலே போய்விட்டது. சாத்திரியாரைப் பிடித்தேன். குருவின் பார்வை தடுக்குது, இல்லாவிட்டால் இதற்குள் முடிந்திருக்கும் என்றார். குரு பார்ப்பதை முதலே சொல்லியிருக்கலாமே என்றேன். நீர் சனியைத்தானே கேட்டனீர் என்றார். போன கிழமை என் ஒப்ஷனை விற்றால் தமிழ்க்கடையில் இரண்டு முருங்கைக்காய் வாங்கலாம் என்கிற நிலைமை. விற்கவில்லை. முருங்கைக்காய் வீட்டில் இருந்தது.

7

இன்று பின்னேரம் பட்டறையால் வந்து, சப்பாத்தையும் கழற்றாமல் கதிரையில் இருந்து பார்த்தேன். அமெரிக்கா கிணற்றுக்கட்டில் இருக்கிற காகம்போல் அசையாமல் இருந்தது. தவணை முடிந்தது. இனி, பெறுமதி இல்லாதபடியால் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம் என்று வங்கி ஒரு கடிதம் அனுப்பும். பிறகு நான் நட்டப்பட்டேன் என்பதற்கு ஒரு அத்தாட்சி எடுத்து வரிக்காரருக்கு அனுப்ப வேண்டும், அதற்கும் அன்ராக் என்கிற விண்ணப்பம் போட வேண்டும். என் அப்பாவின் மேல்மாடிக்கு இப்படி ஓர் அத்தாட்சி ஆரும் தரவில்லை. அந்த விதத்தில் நான் முன்னேறித்தான் இருக்கிறேன்.

அப்போது ஆரணி எடுத்தாள்.

"இண்டைக்குத்தானே அப்பா கடைசி நாள்?"

பகிடி பண்ணப் போகிறாள் என்று நினைத்து, ஓம் என்றேன். விழுந்ததோ என்று கேட்டாள். இல்லைப் பிள்ளை, விழவில்லை என்றேன். ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்ப நான் இனித் திரும்ப வாங்கலாமோ?"

எதை என்று கேட்டேன். அவள் சொன்னாள். போன வருடம் பூக்கடைக்கு அவளுக்குத் தேவைப்பட்டது பாதிதான். மற்றப் பாதியைத் தொடாமல் வைத்திருக்கலாம். ஆனால் இன்னும் பெரிதாக விழப்போகுது என்று நான் சொன்னபடியால் எல்லாவற்றையும் சேர்த்து விற்றுவிட்டாள். மிச்சக் காசை வங்கியில் சும்மா போட்டுவிட்டு, சனி பெயர்ந்து சந்தை விழுந்த பிறகு மலிவாக வாங்கலாம், பிறகு அது ஏறுகிற லாபத்தில் மற்ற இரண்டு கட்டிலும் வாங்கலாம் என்று காத்திருந்தாள். சந்தை மாதாமாதம் ஏற ஏறக் காத்திருந்தாள். கூட வேலை செய்கிற பெட்டை விசரி என்று சிரித்தாளாம். என் அப்பாவுக்குத் தெரியும் என்று இவள் சொன்னாளாம். நாட்காட்டியை வாங்கினதும் அதற்குத்தான், எழுத்துக்கூட்டி வாசித்துச் சனிப்பெயர்ச்சியைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே பொறு எண்டு சொன்னனீங்கள். அதுதான் பொறுத்தனான்."

மருத்துவம், ஹனோவர், தமிழ்ப் பள்ளிக்கூடம், ஒன்றையும் கேட்காத பிள்ளை, என் வாயிலிருந்து வந்த இத்தனை பேச்சில் இதைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. துக்கமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில், என் அப்பாவுக்குத் தெரியும் என்று அவள் சொன்னதை நினைக்க உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் புளுகமாகவும் இருந்தது, அதுதான் பெரிய வெட்கம்.

"அப்பா, நிக்கிறியளோ? வாங்கவோ, இன்னும் பாக்கவோ?"

தொலைபேசியில் சந்தை ஏறி இறங்கினதைக் காட்டுகிற கோட்டைப் பார்த்தேன். நல்லாகத்தான் ஏறி நிற்கிறது. இப்படி ஏறினது ஒருநாள் விழாமல் போகாது. இன்னும் கொஞ்சம் பொறு பிள்ளை என்கிற வசனம் அப்படியே நாக்கு நுனிக்கு வந்து நின்றது. நான் எழும்பி அடுப்படிக்குப் போனேன்.

"பொறு, அம்மாட்டைக் குடுக்கிறன்," என்று சொல்லித் தொலைபேசியைச் சறோவிடம் நீட்டினேன்.